பின்சீட்டுக் கண்ணாடி

ராத்திரி பதினொன்றரை. தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம் வேன் நின்றுவிட்டது. பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் மழை... அதற்கு அப்பால் கும்மிருட்டு.

"தண்ணி வடிஞ்சாதான் போக முடியும்," என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வீடு திரும்புகிற கூட்டம் நாங்கள். நர்ஸக்கா, கேன்டீன் மாஸ்டர், மருந்து ஸ்டோரில் இருக்கும் நான். கடைசி சீட்டில், வார்டுகளுக்கு வண்ணம் அடிக்கிற பெயின்டர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். எங்கள் மூச்சிலேயே ஜன்னல்களெல்லாம் மங்கிப்போயிருந்தன. நர்ஸக்கா துடைக்கக் கையைத் தூக்கினார்.

"அக்கா, துடைக்காதீங்க," என்றார் டிரைவர்.

"ஏம்ப்பா, உன் கண்ணாடி தேஞ்சு போயிடுமா?"

டிரைவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "பெயின்டர் தூங்கிட்டாரா?"

"அவர் குறட்டைக்கு டிக்கெட் போட்டா வேனுக்கு டீசல் அடிச்சிடலாம்," என்றார் கேன்டீன் மாஸ்டர்.

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "இவரோட தங்கச்சி வீட்டுக்காரருக்கு நடந்தது. ஒருநாள் மனசு தாங்காம இவரே எங்கிட்ட சொன்னாரு. நான் சொன்னது இவர் காதுல விழக் கூடாது."

"பேய்க் கதையா? கேன்டீன் டீயைக் குடிச்சிட்டே உசிரோட இருக்கோம். சொல்லுப்பா," என்றார் நர்ஸக்கா. சொல்லிவிட்டு, முன்சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

டிரைவர் சொன்னது இதுதான்.

அந்தத் தங்கை புருஷனுக்குப் பகலில் துணிக்கடையில் பில் போடுகிற வேலை. சாயங்காலத்திலும் விடுமுறை நாளிலும் கார் துடைப்பார். மெஷின் கிடையாது. எல்லாம் கைவேலை. இரண்டு வாளி, ஸ்பாஞ்ச், மெழுகு, ஏசி ஓட்டைகளைத் தேய்க்க ஒரு பழைய டூத்பிரஷ். வெளிப்பக்கம் முழுக்க அவர். உள்பக்கம் முழுக்க அவர் மனைவி.

அந்தப் பெண் ஒரு வாயாடி. சீட்டைத் துடைக்கும்போதும் பேச்சு, கால்மிதியைத் தட்டும்போதும் பேச்சு. "எங்க அண்ணன் சுவருக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி உங்களைப் பத்திச் சொன்னாரு. பில் போடற கையி, அழுக்கே படாதுன்னு. நல்லா அழுக்கே படலை!"

கல்யாணமான நாளிலிருந்து புருஷனுடைய அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் இருவருக்கும் படுக்கை. அவளுக்கு ஒரே ஆசை. தனிக்குடித்தனம். "ஓட்டை வீடா இருந்தாலும் சரிங்க. ஜன்னல் இருக்கணும். ஊரான் கார் ஜன்னலையே எத்தனை நாள் துடைக்கிறது? என் ஜன்னலை நான் துடைக்கணும்." அவள் கேட்ட அந்த ஜன்னலுக்காகத்தான் அவர் ஒரு காரைக்கூட வேண்டாமென்று சொன்னதில்லை.

கண்ணாடி துடைப்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை வரும். துடைத்து முடித்து வெயிலில் பார்த்தால் எங்காவது ஒரு தீற்றல் தெரியும். உன் பக்கம் என்பார் அவர். உங்க பக்கம் என்பாள் அவள். கடைசியில் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். வெளியே அவர் இடமும் வலமுமாகத் துடைக்க வேண்டும். உள்ளே அவள் மேலும் கீழுமாகத் துடைப்பாள். "கோடு படுக்கையா இருந்தா உங்க தப்பு. நெட்டுக்குத்தா இருந்தா என் தப்பு. முடிஞ்சுது பஞ்சாயத்து." அதற்குப் பிறகு எந்தக் காரிலும் அந்த முறை மாறவே இல்லை.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். ஊர் முடிந்து, தெருவிளக்கும் முடிந்து, அதற்கு அப்புறமும் நீண்டு போகிற ரோடு. கடைசியில் ஒற்றை வீடு. பனியன் போட்ட பெரியவர் ஒருவர் ஷெட்டைத் திறந்துவிட்டார். கருநீலக் கார். ஓடி வருஷக்கணக்காகியிருக்கும். கதவைத் திறந்ததும் ஒரு வாடை... ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துவிட்ட வாடை.

பெரியவர் காரைப் பார்க்காமலே பேசினார். "எல்லாத்தையும் துடைங்க. பின்சீட்டு, இடதுபக்கக் கண்ணாடி... அதை மட்டும் தொடாதீங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கண்ணாடியில் ஒரு கைத்தடம் இருந்தது. ஒடுக்கமான உள்ளங்கை, நீள நீளமான விரல்கள். உள்ளிருந்து பதிந்த தடம்.

"யாரோ வேண்டியவங்க கை போலிருக்கு. பாவம், அப்படியே விட்டுடலாங்க," என்றாள் அவள்.

அவரும் விட்டுவிடத்தான் நினைத்தார். ஆனால் துடைத்துப் பழகின கண் சும்மா இருக்குமா? கார் முழுக்கப் பளபளவென்று ஆகிவிட்டது. அந்த ஒரு கண்ணாடி மட்டும் புழுதியோடு நிற்கிறது. தடம் உள்பக்கம்தானே, வெளிப்புழுதியைத் துடைத்தால் என்ன வந்துவிடப்போகிறது? துணியை எடுத்தார். இடம்... வலம்... இடம்... வலம். கண்ணாடி கிறீச் கிறீச்சென்றது.

துணியை எடுத்தால்... தடத்தைக் காணோம்.

உள்பக்கம் இருந்த தடம். வெளியே துடைத்ததில் போய்விட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவரையே பார்த்து ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கதவெல்லாம் சாத்தியிருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தார். தடம் இருந்த அதே இடத்தில் அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். விளையாடுகிறாள் என்று நினைத்தார். "போதும், இறங்கி வா," என்று சைகை காட்டினார்.

வலதுபக்கக் கதவு திறந்தது. அவள் இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியில் இப்போது ஒரு கைத்தடம் இருந்தது. சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அவளுடைய கைதான். சின்ன வயதில் அண்ணன் தெரியாமல் கதவைச் சாத்தியதில் நசுங்கி வளைந்த விரல்.

"அண்ணன்னா... நம்ம பெயின்டரா?" என்று நர்ஸக்கா கிசுகிசுத்தார். டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பெரியவர் வந்தார். வந்து முதன்முறையாகக் காரைப் பார்த்தார். அந்தத் தடத்தருகே குனிந்தார்.

"இது வேற கை," என்றார்.

தங்கை புருஷன் திட்டு வாங்கத் தயாராக நின்றார். பெரியவர் திட்டவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவசர அவசரமாக, "கூட்டிட்டுக் கிளம்புங்க. சீக்கிரம் கிளம்புங்க," என்று சொல்லி ஷெட் கதவை இழுத்துப் பூட்டினார்.

தப்பு செய்த கூச்சம் இவருக்கு. ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார். அப்போது ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். தப்... தப்... தப்... உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி. பின்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை.

சில மாதத்தில் தனிக்குடித்தனம் வந்தார்கள். மாடி வீடு. பெரிய ஜன்னல், அவள் கேட்ட மாதிரியே. ஆனால் வாயாடிக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. கேட்டால் தலையாட்டுவாள். சிரிப்பாள். எத்தனை சோப்பு போட்டாலும் வீட்டில் அந்த ஈரத்துணி வாடை.

முதல் நாள் அவள் ஜன்னலைத் துடைத்தாள். உள்ளே நின்றுகொண்டு... இடமும் வலமுமாக.

"ஏய், அது என் கோடு! உன்னோடது நெட்டுக்குத்து," என்று இவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். மறுபடி இடம்... வலம்... இடம்... வலம்.

மறுநாள் விடிந்ததும் ஜன்னலைப் பார்த்தார். பனி மூடிய கண்ணாடியை யாரோ துடைத்திருந்தார்கள். வெளிப்பக்கம். மேலும் கீழுமாக. அதற்கு அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாளும். வெளியே பால்கனி கிடையாது, கால் வைக்க ஒரு விளிம்பு கிடையாது. கீழே நேராகத் தெருதான்.

அந்த ஒற்றை வீட்டுக்கு ஓடினார். பூட்டியிருந்தது. ஷெட் திறந்து கிடந்தது. கார் இல்லை.

கடைசியில் மச்சான் பெயின்டரிடம் வந்து அழுதார். மச்சான் நம்பவில்லை. "வேலை அதிகம், தூக்கம் இல்லை, அதான்," என்று சமாதானம் சொல்லி, தங்கையைப் பார்க்க விடியற்காலையில் போனார். ஜன்னலுக்கு முன்னால் நின்றார். நெட்டுக்குத்தாகக் கோடுகள். நடுவில் ஒரு கைத்தடம். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்தது. தோளில் கிடந்த துண்டால் உள்ளேயிருந்து அழுத்தி அழுத்தித் துடைத்தார். போகவில்லை.

பின்னால் காலடி கேட்டது. தங்கை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"அஞ்சு விரலும் நேரா இருந்துச்சு," என்று டிரைவர் முடித்தார்.

மழை விட்டிருந்தது. பாலத்தில் தண்ணீர் சலசலக்கிற சத்தம் மட்டும். மங்கின ஜன்னல்களின் பக்கம் யாரும் கையைக் கொண்டுபோகவில்லை.

அப்போதுதான் கவனித்தோம். குறட்டைச் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை.

"அதோட முடியலை," என்றார் பெயின்டர். துண்டு இன்னும் முகத்தின் மேலேயே இருந்தது.

டிரைவர் உறைந்துபோனார். "அண்ணே... நான் சும்மா..."

"விரலு நேராத்தான் இருந்துச்சு. நான் அதைப் பார்த்ததை அவ பார்த்துட்டா," என்றார் பெயின்டர். "டம்ளரைக் கீழ வச்சா. என் மூஞ்சியைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே, இன்னொரு கையால அந்தச் சுண்டுவிரலைப் பிடிச்சா... மெதுவா மடக்கினா... மளுக்குன்னு ஒரு சத்தம்."

துண்டை எடுக்காமலே சொன்னார்.

"இப்ப போய்ப் பாருங்க. வளைஞ்சுதான் இருக்கு."