பன்னிரண்டு நாள் கொழுந்து

ஓடுகிறோம். தேயிலைச் செடிகள் இடுப்பில் கிழிக்கின்றன. கொழுந்துக் கூடை முதுகில் அடிக்கிறது. கழற்றி எறிய யாருக்கும் தோன்றவில்லை. கீழே கூரைத் தகரம் வெடிக்கும் சத்தம். ஒன்று. இரண்டு. ஐந்துக்கு மேல் நான் எண்ணவில்லை.

1983 ஜூலை 27, புதன்கிழமை. காலை பத்தரை. ராகலைக்கு மேலே எங்கள் தோட்டம். லாரிகளில் வந்த கலவரக்காரர்கள் கீழ் லயத்துக்கு, தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, தீ வைத்துவிட்டார்கள்.

"லயத்துக்குப் போகாதீங்க. காட்டுக்கு ஏறுங்க. ஏறுங்க."

கத்துகிறவர் கணக்கப்பிள்ளை. காலையில் எங்கள் பெயரைக் கூப்பிட்டுப் புத்தகத்தில் பதிகிறவர். அவர் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. முன்னால் அம்மா. பின்னால் அக்கா பார்வதி.

யூக்கலிப்டஸ் காட்டின் ஓரத்தில் அக்கா நின்றுவிட்டாள்.

"பெட்டி," என்றாள்.

தகரப் பெட்டி. எங்கள் பிரஜாவுரிமைக் காகிதங்கள் அதற்குள். அப்பா பதினொரு வருடம் அலைந்து வாங்கியவை. அவர் இறந்த பிறகு சாவி அக்காவின் இடுப்பில் இருந்தது.

"எரிஞ்சா எரியட்டும்க்கா. வா."

"காகிதம் இல்லாட்டி நாம யாருடி? அம்மாவப் பிடிச்சுக்க. இந்தா, கூடை."

குறுக்குப் பாதையில் இறங்கினாள். பச்சைச் சட்டை தெரிந்தது. பிறகு புகை. மணி பத்தே முக்கால் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலைதான் நாங்கள் இறங்கினோம். கீழ் லயம் சாம்பல். எங்கள் லயம் நிற்கிறது. எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், கட்டிலுக்கடியில் பெட்டி. பூட்டியபடி. அக்கா அந்தப் பெட்டிவரை வந்து சேரவே இல்லை.

வடிகான்களில் தேடினோம். ஆற்றோரம் தேடினோம். கிடைத்தது ஒன்றுமில்லை. ஒரு துண்டுத் துணிகூட இல்லை.

ஆகஸ்ட் 1, திங்கள். பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குத் திரளும் இடத்தில், மறுபடி பெயர் கூப்பிட்டார்கள். சொல்லாமல் நின்றுவிட்டவர் பெயரைத் தோட்டத்தில் வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் காம்பரா போகும். எங்கள் காம்பரா அக்கா பெயரில் இருந்தது. அவள் திரும்பி வரும்போது கதவு இருக்க வேண்டும். அன்று எனக்கு இருந்த நினைப்பு அது மட்டும்தான்.

"பார்வதி."

கூப்பிட்டுவிட்டுக் கணக்கப்பிள்ளை தலை நிமிரவில்லை.

"அக்கா வந்துருங்க ஐயா. ரெண்டு கூடையும் நான் பறிக்கிறேன்."

"ஒனக்கு எத்தன கை இருக்கு, புள்ள?" என்றார். பேனா அக்கா பெயருக்கும் வரவு எழுதியது.

இரண்டு கூடை பறித்தேன். இரண்டு பெயரில் எடை போட்டேன். பக்கத்து நிரைப் பெண்கள் போகிற போக்கில் ஆளுக்கொரு பிடி அக்கா கூடையில் போட்டார்கள்.

"பார்வதி இருந்தப்பகூட இவ்வளவு பறிக்கலயேடி," என்றாள் ராசம்மா. நாங்கள் சிரித்தோம்.

ஞாயிறு நீங்கலாகப் பன்னிரண்டு நாள். ஆகஸ்ட் 13, சனி வரை. ஞாயிறன்று எனக்குக் காய்ச்சல் கண்டது. திங்கட்கிழமை நாங்கள் இருவருமே வேலைக்கு வரவில்லை என்று பதிவானது.

பாதை அமைதியான பிறகு, 17ஆம் தேதி, பொலிசுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை புத்தகத்தோடு வந்தார். சார்ஜன்ட் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். அதைத் தமிழில் எனக்குச் சொன்னது கணக்கப்பிள்ளைதான்.

"ஜூலை 27ல காணாமப் போனவ ஆகஸ்ட் 13ல எப்படிக் கொழுந்து பறிச்சானு கேக்குறாரு."

சொல்லி முடித்து என் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவர் வேலை போகும். அவருக்கு மூன்று பிள்ளைகள். நான் வாயைத் திறக்கவில்லை. சார்ஜன்ட் எழுதினார். சுயவிருப்பில் வெளியேறியவர். கடைசியாகக் காணப்பட்டது ஆகஸ்ட் 13. அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பி எடுத்தேன். அன்றைய தேதியை எழுதி, அக்கா வரவில்லை என்று குறித்தேன். அதன் பிறகு ஒரு நாளும் தவறவிடவில்லை.

அடுத்த வருடம் அம்மா இந்தியாவுக்குப் போனாள், மாமா குடும்பத்தோடு. நான் போகவில்லை; காம்பரா அதற்குள் என் பெயருக்கு வந்திருந்தது. அக்கா வந்து கதவைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டும். அம்மா எழுதிய கடிதங்கள் ஒன்பது. பத்தாவதை மாமா எழுதினார்.

கணக்கப்பிள்ளை ஓய்வு பெற்று நோர்வூட்டில் மகனோடு இருந்தார். பொங்கலுக்குப் பொங்கல் பஸ் ஏறிப் போவேன். "சொல்லிரவா ஐயா?" என்று கேட்பேன். "நான் போனப்பொறவு சொல்லு, புள்ள," என்பார். தேத்தண்ணி தருவார். கிளம்பும்போது வாசல் வரை வருவார், கண்ணைப் பார்க்க மாட்டார். போன கார்த்திகையில் போய்விட்டார்.

இந்தப் பங்குனியில் நுவரெலியாவில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். காணாமல் போனவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை.

"அம்மா, ஃபைல்ல ஆகஸ்ட் 13னு இருக்குங்க. தோட்டத்துப் புத்தகமும் அப்படித்தான் சொல்லுது."

"புத்தகம் பொய், தங்கச்சி. பொய் சொல்ல வச்சது நான்."

அவள் பேனாவை மூடினாள். "வேற யாராச்சும் சாட்சி இருக்காங்களா?"

அந்த நிரையில் நின்றவர்களை நினைத்துப் பார்த்தேன். ராசம்மா கடைசி. போன மழைக்காலத்தில் அவளையும் அடக்கம் செய்துவிட்டோம்.

"இல்ல, தங்கச்சி."

"அப்ப நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க. தேதிய மாத்துவாங்களானு என்னால சொல்ல முடியாது."

எழுதிவிட்டேன். இதுதான் அது.

கீழ் லயத்தில் எரிந்த காம்பராக்கள் எட்டு. பாதி நிறைந்திருந்த அக்காவின் கூடை ஒன்று, பிறகு மக்கிப்போனது. பெட்டிச் சாவி ஒன்று. அம்மா, கடலுக்கு அந்தப் பக்கம். நான் போய்ப் பார்க்கவில்லை. அக்கா பார்வதி, வயது இருபத்து நான்கு, பச்சைச் சட்டை. ஜூலை 27, புதன்கிழமை, காலை பத்தே முக்கால்.

ஆகஸ்ட் 1 முதல் 13 வரை புத்தகத்தில் உள்ள கொழுந்து நான் பறித்தது. பன்னிரண்டு நாள். அதை அவள் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள்.