கஷ்டத்துக்கு இங்கிலீஷ்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ். முன்சீட்டில் டீ பிளாஸ்க்கை மடியில் வைத்திருந்த அம்மா, பக்கத்தில் கல்லூரி படிக்கும் மகள்.

"ஏட்டி, 'ஹார்ட் நட் டு கிராக்'னா என்னது?"

"லேசுல தீக்க முடியாத பிரச்சினைம்மா. யாரு சொன்னா?"

"ஆபீசர் சாரு. தெருக்குழாயில பத்து நாளாத் தண்ணி வரலன்னு மனு குடுத்தேன். படிச்சிட்டு அதான் சொல்லுதாரு."

"அப்ப பதிலு?"

"அதான் பதிலு. நான் கொண்டுபோன பிரச்சினையவே இங்கிலீஷ்ல திருப்பிக் குடுத்துட்டாரு."

பஸ் மேலகரம் தாண்டியது. வெளியே சாரல் மட்டும் தாராளமாக அடித்தது.

"அந்த இங்கிலீஷத் தமிழ் எழுத்துல எழுதிக் குடுட்டி. அந்த ஆபீசுக்கு நம்ம கடை டீதான. நாளைக்குப் பதினோரு மணிக்கு 'டீ எங்க'ன்னு சாரு கேப்பாரு. அப்பப் பாத்துச் சொல்லணும்."