சியாமில் குளிருமா?

ருக்மணி: கிழங்கை அப்புறம் தோண்டிக்கலாம் வாத்தியாரய்யா. கேட்டதுக்குச் சொல்லுங்க. சியாமுல இப்ப குளிருமா?

கலியாணசுந்தரம்: மூணு நாளா உனக்கு இதே கேள்விதானா?

ருக்மணி: மூணு நாளா நீங்களும் மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுறீங்க.

கலியாணசுந்தரம்: குளிராது. அதுவும் வெப்ப மண்டலம்தான்.

ருக்மணி: நம்ம மலாக்கா மாதிரியா?

கலியாணசுந்தரம்: ஏறக்குறைய.

ருக்மணி: ஏறக்குறையன்னா?

கலியாணசுந்தரம்: நமக்கு வருஷம் பூரா மழை. காடும் வருஷம் பூரா பச்சை. அங்க பாதி வருஷம் மழை கொட்டும், மீதி வருஷம் வெறும் வெயில். மூங்கில் இருக்கும், தேக்கு இருக்கும். காய்ஞ்ச காலத்துல தேக்கு இலையைக் கொட்டிடும். அவ்வளவுதான்.

ருக்மணி: மார்கழியிலயும் வெறும் வெயிலா?

கலியாணசுந்தரம்: அந்தக் கூடையை இப்படித் தள்ளு.

ருக்மணி: உங்க பள்ளிக்கூடத்தை அஞ்சு வருஷம் கூட்டினவ நான். வாருகோலோட ஜன்னலுக்கு வெளிய நின்னு உங்க பூகோளம் பூரா கேட்டிருக்கேன். மழைக்காடு, புல்வெளி, பாலைவனம், ஊசியிலைக் காடு, பனி நாடு... பாலைவனத்துல பகல் பொரியும், ராத்திரி நடுங்கும்னு சொன்னீங்க. சியாம் மலையில மார்கழி தையில வாடை இறங்கும்னும் சொன்னீங்க.

கலியாணசுந்தரம்: பரீட்சை வச்சிருந்தா நீ பாஸ்.

ருக்மணி: அப்ப குளிரும்.

கலியாணசுந்தரம்: விடியக்காலையில கொஞ்சம்... அதுக்கெல்லாம் கம்பளி வேணாம்.

ருக்மணி: வாங்கிட்டேனே. கம்போங் செட்டி சிவகாமசுந்தரியம்மாகிட்ட. சியாம்னு சொன்னதும் அந்தம்மா 'செஜுக், செஜுக்'னு கையைக் கட்டிக்கிட்டு நடுங்கிக் காட்டுச்சு. பேரு மட்டும் தமிழா இருந்து மலாயே பேசுற அந்தம்மாவுக்கு உங்க பூகோளம் தெரிஞ்சிருக்கு.

கலியாணசுந்தரம்: எதைக் குடுத்து வாங்கின?

ருக்மணி: ரெண்டு கோழி.

கலியாணசுந்தரம்: முட்டையிடுற கோழியையா? உன் மக கோகிலா கோணிச் சாக்கைக் கட்டிக்கிட்டுத் திரியுது. போய் அந்தக் கம்பளியை வெட்டி அதுக்குப் பாவாடை தை.

ருக்மணி: கம்பளிப் பாவாடையா? இந்த வேக்காட்டுலயா? நல்ல வாத்தியார்தான்.

கலியாணசுந்தரம்: உன் புருஷன் சுப்பையனுக்கு அனுப்பினா போய்ச் சேராதும்மா.

ருக்மணி: ஏன் சேராது? வெள்ளிக்கிழமை தம்பின் ஸ்டேஷன்லேர்ந்து சியாமுக்கு ரயிலு. இன்னும் இருபது பேரை ஏத்துறானாம் ஜப்பான்காரன். யார் கையிலயாவது குடுத்தா...

கலியாணசுந்தரம்: எவன் கையிலயும் குடுக்காத. வழியிலயே அரிசிக்கு மாத்திடுவான்.

ருக்மணி: அரிசிக்கு மாத்தினது நான்தான். வீட்டுல ஒரு கம்பளி இருந்துச்சு. அவரு எடுத்துக்காமப் போனாரு, நாங்க மாத்தித் தின்னுட்டோம்.

கலியாணசுந்தரம்: தெரியும்.

ருக்மணி: மலாக்கா தண்டவாளத்தைப் பிடுங்கி லாரியில ஏத்துற வேலைன்னுதான் கூப்பிட்டாங்க. ஏத்தி முடிச்சதும், சியாமுல ரயில் ரோடு போடணும்னு ஆளையும் அதே லாரியில ஏறுன்னாங்க. ஒரு மணி நேரம் குடுத்தாங்க. கம்பளி எடுத்துக்கணுமான்னு உங்ககிட்டதான் ஓடி வந்தாரு.

கலியாணசுந்தரம்: நான் பூமி உருண்டையைத் திருப்பிக் காட்டினேன். இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல எல்லாம் சூடு, சுமை எதுக்குன்னேன். கோடு சரிதான் ருக்மணி... அங்க மலை இருக்கே. நனைஞ்ச துணியோட நாலு மாசம் சேத்துல கிடந்தா, சூடான நாட்டுலயும் ஆள் விறைச்சுப்போவான். அது புஸ்தகத்துல இல்லை.

ருக்மணி: நாலு மாசம் சேத்துல கிடந்தாருன்னு யார் சொன்னா?

கலியாணசுந்தரம்: ...பொதுவாச் சொன்னேன்.

ருக்மணி: தேவதாஸ் சொன்னானா? அங்க ஒரு காலை விட்டுட்டு வந்து, இப்ப ஜப்பான்காரன் ஆபீசுல பேரெழுதுறானே, அவனா? திங்கக்கிழமை இங்க வந்தானாம்.

கலியாணசுந்தரம்: அவன் காய்ச்சல்ல உளர்றவன். விடு. இந்தா, இந்தக் கிழங்கை எடுத்துட்டுப் போ.

ருக்மணி: இது இன்னும் முத்தலையே. ரெண்டு மாசம் விட்டிருந்தா...

கலியாணசுந்தரம்: முத்தினதுதான். எல்லாத்தையும் எடுத்துக்க.

ருக்மணி: கிழங்கு இருக்கட்டும். கடைசியாக் கேக்குறேன். குளிருமா, குளிராதா?

கலியாணசுந்தரம்: குளிரும். போதுமா? ராத்திரியில பல்லு கிட்டிக்கும். ஆனா சுப்பையனுக்குக் கம்பளி வேணாம், ருக்மணி. என்னை மேல கேக்காத.

ருக்மணி: அவருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்? ஆவணியிலயே வாந்திபேதியில போயிட்டாருன்னு தேவதாஸ் முதல்ல என்கிட்டதான் சொன்னான். வெள்ளிக்கிழமை போறவங்கள்ல ஒம்பதாவது பேரு உங்களுதுன்னும் சொன்னான். குளிரும்னு உங்க வாயால வந்தாத்தான் இந்தக் கம்பளியை வாங்கிக்குவீங்கன்னு மூணு நாளா நிக்கிறேன். அவரை நாம ரெண்டு பேருமாத்தான் வெறுங்கையோட அனுப்பினோம். பிடிங்க.