ஸ்பீக்கருக்கு ஒரு பொட்டு

லிங்கராஜபுரம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு. நெற்றியில் பொட்டு இல்லை.

“பெந்தகோஸ்து வீட்டுல யாருக்குக்கா பொட்டு?”

“ஸ்பீக்கருக்கு.”

நான் போனை அணைத்துவிட்டேன்.

“கல்யாணப் பாட்டுக்கு, உள்ள புனல் மாதிரி ஹார்ன் வச்ச பேஸ் பாக்ஸ் செய்யுறேன்ல. ஸ்பீக்கர்ல அதிருற பேப்பர்ல பொட்டு ஒட்டிட்டு, அது எவ்வளவு ஆடுதுன்னு பாக்ஸ் பின்னால ஓட்டை வழியா பார்ப்பேன். முன்ன பின்ன எட்டு மில்லிமீட்டர்தான் ஆடலாம். தாண்டுனா கிழிஞ்சிடும்.”

“ஹார்ன் இருந்தா தாங்காதா?”

“தாங்கும். உள்ள இருக்குற காத்து பேப்பரைப் புடிச்சுக்கும். ஆனா ஹார்னுக்கு எட்டாத அளவுக்கு பேஸ் சத்தம் அடித்தொண்டைக்குக் கீழ போனா பிடி விட்டுடும். சத்தமே பெருசா வராது, பேப்பர் மட்டும் கண்டபடி குதிக்கும். அதனால அந்தக் கீழ் பேஸை வெட்டிடுவேன்.”

“ஜனங்க இன்னும் பேஸ் வேணும்னு கேப்பாங்களே!”

“நான் பாக்ஸ் வச்ச போன கல்யாணத்துல மாப்பிள்ளையே மேடையை விட்டு எறங்கி வந்து கேட்டான். ஆகாது, போய் உக்காருன்னேன்.”

“கோவிச்சுக்கலையா?”

“கடைசிப் பாட்டு வரைக்கும் ஆடுனான்.”

“நீங்களும் ஒண்ணு வச்சுக்கங்கக்கா, அழகா இருக்கும்.”

“எனக்கெதுக்கு? நான் செஞ்ச பதினாறு பாக்ஸ் வச்சிருக்கு. ஒண்ணுகூட இன்னும் கிழியல.”