கீறல் விழாத படகு

எனக்குக் கடல் என்றாலே ஆகாது அம்மாடி. உப்புக் காற்று பட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும். அதனால்தான் போர் முடிந்ததும் டிரைவிங் ஸ்கூல் வைத்தேன். இங்கே எவனும் மூழ்க மாட்டான். மிஞ்சிப்போனால் சுவரில் முட்டுவான்.

வந்ததும் வராததுமாகக் கேட்டாயே, "அப்பா கரையில காலே வைக்கலியாமே மாமா? போர்ல உங்க கப்பல்ல இருந்த சமையல்காரர் சொன்னாரு" என்று. அவருக்கு வயதானாலும் வாய் ஓயவில்லை. உட்கார், டீயைக் குடி. நானே சொல்கிறேன்.

எதிரிக் கரையில் படை இறக்கிய அன்று, கப்பலிலிருந்து வீரர்களைக் கரைக்குக் கொண்டுபோன படகுகளில் ஒன்றை ஓட்டியது நான். முகப்பே ஒரு பெரிய கதவு. நான் நெம்புகோலை இழுத்தால் அது முன்பக்கம் சாயும். வீரர்கள் அதன் மேல் நடந்து இறங்குவார்கள். உள்ளே நிற்பவனுக்கு முன்னால் நிற்பவன் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது.

கரைக்கு முன்னால் மணல் திட்டு உண்டு. படகு அதில் தட்டி நின்றால் கரை வந்ததுபோலவே இருக்கும். ஆனால் திட்டைத் தாண்டினால் மறுபடி ஆழம். அதனால் ஒருவன் கதவின் மேல் ஏறிக் கழியை விட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும். என் படகில் அந்த வேலை உன் அப்பாவுக்கு. நீச்சல் தெரியாது. குளிக்கும்போது சோப்பு நுரைக்கே பயப்படுவான் என்று கேலி செய்வோம். ஆனால் கழி பிடிப்பதில் கெட்டிக்காரன்.

திட்டில் தட்டி நின்றோம். அதைத் தாண்டிப் போன படகுகள் எரிந்துகொண்டிருந்தன.

"கழி முழுசா முங்குது மச்சான். திறக்காத. இன்னும் உள்ள போ."

காதில் விழுந்தது. ஆனால் என் படகும் எரிந்துபோய்விட்டால் அடுத்த ஆட்களை யார் ஏற்றி வருவது? அவனைக் கதவிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டுத் திறந்தேன். முதுகில் மூட்டை, காலில் பூட்ஸ். வரிசையாகப் போனார்கள். நல்ல ஒழுங்கான பையன்கள், ஒருவரும் தள்ளிக்கொள்ளவில்லை. நான் படகைப் பின்னால் எடுத்தேன்.

கப்பலுக்குத் திரும்பும் வழியில் உன் அப்பா அந்தத் திட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். கடைசியில், "கேப்டன்கிட்ட சொல்லிடுவேன் மச்சான். மனசு கேக்கல" என்றான்.

"தாராளமா சொல்லு மாப்ள. இன்னும் ஒரு நடை முடியட்டும்" என்றேன். எனக்குக் கோபமே வரவில்லை. சொந்தத்துக்குள் என்ன கோபம்?

இரண்டாவது நடை. அதே திட்டு. இந்தத் தடவை கழியைக் கீழே விடக்கூட இல்லை. கதவின் மேல் ஏறியதும் வீரர்களைப் பார்த்துத் திரும்பி, "யாரும் இறங்காதீங்கப்பா, இது கரை இல்ல" என்று கத்த ஆரம்பித்தான். இன்ஜின் சத்தத்தில் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர்கள் தயங்கினார்கள். தயங்கினால் நேரம் ஆகும், குண்டு விழும்.

இழுத்தேன். கதவோடு அவனும் போனான். பின்னால் நின்றவர்கள் கரை வந்துவிட்டதென்று முன்வரிசையையும் நெட்டிக்கொண்டு போனார்கள். நான் ஒருவரையும் தொடவில்லை, அதைக் குறித்துக்கொள்.

படகில் ஒரு கீறல் இல்லை. கேப்டன் தோளில் தட்டிப் பதக்கம் கொடுத்தார். சின்ன வயதில் நீ பொம்மைக்கு மாட்டி விளையாடுவாயே, அதுதான்.

உன் அம்மாவிடம், "முதல் ஆளா கரையில ஓடினான்" என்றேன். அவளுக்கு எவ்வளவு பெருமை. பிறகு உன்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது யார்? காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்?

ஏன் எழுந்துவிட்டாய்? டீ ஆறுகிறது பார். உன் அப்பா பேச்சைக் கேட்டு அன்றைக்கு நானும் உள்ளே போய்ச் செத்திருந்தால், அப்பன் இல்லாத பிள்ளை உன்னை யார் வளர்த்திருப்பார்கள்?