நாற்பத்தோராம் பக்கத்து ஜீரோ

— வேணாம் பிரவீன். சாயங்காலம் மேடையில எம்பேரைச் சொன்னீங்கன்னா, நான் எந்திரிச்சு நேரா சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடையக் கட்டிடுவேன்.

— இர்பானா, கொஞ்சம் கேளுங்க. அதுக்குத்தாங்க நான் அமெரிக்காவுலேர்ந்து வந்ததே.

— பாராட்டு விழாவுக்கு வந்துருக்கீங்கன்னு காலேஜ் வாசல்ல ஃபிளெக்ஸ் வச்சுருக்காங்களே! 'கொம்பு கணினி மொழி கண்ட கோமகனே வருக'ன்னு. நீங்க கோட்டு போட்டுக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு...

— அதைப் பாத்துட்டு ஆட்டோவுல குனிஞ்சு உக்காந்துதான் வந்தேன். கொம்பைக் கண்டது நான் இல்லையே. காலேஜ்ல படிக்கிறப்ப நீங்க வீட்டுல கோடு போட்ட நோட்டுல பேனாவால எழுதிக் கொண்டாருவீங்க. நான் பிரவுசிங் சென்டர்ல உக்காந்து அதைப் பாத்து டைப் அடிப்பேன். டைப் அடிச்சவனுக்கு யாராச்சும் ஃபிளெக்ஸ் வைப்பாங்களா?

— சும்மா சொல்லாதீங்க. எங்க வீட்ல கம்ப்யூட்டர் கெடையாது. அஞ்சு மணிக்கு மேல லேப்ல இருக்க அத்தா விட மாட்டாங்க. நீங்க இல்லன்னா அந்த நோட்டு பழைய பேப்பர்க்காரன்கிட்ட போயிருக்கும்.

— பேரு வச்சதும் நீங்கதான். கிளாஸோட முக்கொம்பு அணைக்குப் போனப்ப, 'வர்ற ஆத்தை ரெண்டாப் பிரிச்சு விடுது பாருங்க, நம்ம மொழியும் வேலையை இப்படித்தான் பிரிச்சு விடுது'ன்னீங்க. நான் என்னடான்னா பேட்டிக்குப் பேட்டி, எங்கப்பா கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போன எடம்னு சொல்லி வச்சுருக்கேன். எங்கப்பா என்னை எங்கயுமே கூட்டிட்டுப் போனதில்லைங்க.

— அந்தப் பேட்டிய நானும் பாத்தேன். உங்களுக்குப் பின்னாடி பெருசா மாட்டுக் கொம்பு படம் போட்டுருந்தான் அந்த வெள்ளைக்காரன். சிரிச்சுட்டேன்.

— எப்படிங்க சிரிக்க முடிஞ்சுது?

— வேற என்ன பண்றது? பிளஸ் டூ பொண்ணுங்களுக்கு நான்தான் கொம்பு பாடம் எடுக்குறேன். ஒரு மார்க் கேள்வி ஒண்ணு இருக்கு. 'கொம்பு மொழியை உருவாக்கியவர் யார்?' பிரவீன்ராஜ்னு எழுதுனா டிக் போடுவேன்.

— ஆண்டவரே...

— ஒரு பொண்ணு அவசரத்துல உங்க பேர்ல பாதியை முழுங்கிட்டா. போனாப் போகுதுன்னு அதுக்கும் போட்டேன்.

— என்னைத் திட்டிடுங்க இர்பானா. செருப்பைக் கழட்டுனாக்கூட நின்னு வாங்கிக்குவேன். இப்படிச் சிரிக்க மட்டும் சிரிக்காதீங்க.

— டீ ஆறுது, குடிங்க.

— நேத்து கோயிலுக்குப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணேன், இருபது வருஷம் கழிச்சு. எல்லாத்தையும் சொன்னேன். ஃபாதர் கேட்டாரு, 'அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?'ன்னு. இல்ல ஃபாதர்னேன். 'அப்ப இங்க எதுக்கு முதல்ல வந்த? எந்திரி, அங்க போ'ன்னுட்டாரு.

— என்ன சொன்னீங்க அவருகிட்ட?

— நடந்ததைத்தான். அமெரிக்கா போன மொத மாசம், புரொஃபசர் ஸ்க்ரீனைப் பாத்துட்டு, 'யாரு பண்ணது இது?'ன்னாரு. நான்னேன். ஒத்தை வார்த்தை. கை குடுத்தாரு. அப்புறம் கம்பெனிக்காரங்க கை குடுத்தாங்க, யுனிவர்சிட்டிக்காரங்க கை குடுத்தாங்க, மூணு டாக்டர் பட்டம். குடுத்த கையை எப்ப உருவுறதுன்னே தெரியல.

— எனக்கு அப்ப நிக்காஹ் முடிஞ்சு எம்பொண்ணு ஜெஸிமா வயித்துல. நீங்க கேட்டுருந்தாக்கூட, உங்க பேரையே போட்டுக்கங்கன்னுதான் சொல்லிருப்பேன்.

— கேக்கலையேங்க! அதான் இன்னைக்கு அத்தனை பேரு முன்னாடியும் சொல்லப் போறேன். இது இர்பானாவோட மொழி, நான் திருடிட்டேன்னு.

— வேணாம்னு சொல்றேன்ல.

— என்ன பயம் உங்களுக்கு? உங்க வீட்டுக்காரரு சர்ஃபராஸ் ஏதாச்சும் சொல்லுவாரா?

— அவருக்கென்ன, சவூதியில தமாம்ல உக்காந்துக்கிட்டு ஊரு பூராவும் போன் போட்டுப் பெருமையடிப்பாரு. அதில்ல பிரவீன். அந்த மலை ஊரு வெள்ளம். அங்க அபாயச் சங்கை ஊத வைக்கிற புரோகிராம் கொம்புல எழுதுனதுதானே.

— அதை எதுக்கு இப்ப எடுக்குறீங்க?

— ஆத்துல எவ்வளவு தண்ணி வருதுன்னு அளக்குற கருவியை வெள்ளமே அடிச்சுட்டுப் போயிடுச்சு. அளவு வரல. வரலன்னா புரோகிராம் என்ன பண்ணணும்? நின்னு, எனக்குத் தெரியலன்னு கத்தணும். கொம்பு கத்தல. விடுபட்ட எடத்துல தானா ஜீரோ போட்டுக்கிச்சு. ஜீரோன்னா ஆறு காஞ்சு கெடக்குதுன்னு அர்த்தம். அபாயச் சங்கு ஊதவே இல்ல. பதினோரு உசுரு.

— அந்தப் பதினோரு பேரோட பேரும் எனக்கு மனப்பாடம் இர்பானா. அதை முன்னாடியே மாத்திருக்கணும். மாத்துனா உலகம் பூரா ஓடிக்கிட்டிருக்குறதெல்லாம் படுத்துடும்னு கம்பெனியில பயந்தாங்க. நானும் தலையாட்டுனேன்.

— அப்புறம் டிவியில வந்து, 'அந்த ஜீரோ என் தப்பு, என் ஒருத்தனோட தப்பு'ன்னு சொன்னீங்க. உலகமே காறித் துப்புச்சு. நான் இங்க வீட்டுல இதே நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்.

— விடுங்க.

— விட முடியாது, நாலு வருஷமா நெஞ்சுல நிக்குது. நாப்பத்தோராம் பக்கம். நிக்காஹுக்கு நாலு நாள் இருக்கு, கையில மருதாணி. அளவு வரலன்னா என்ன பண்றதுன்னு யோசிக்க எனக்கு நேரமில்ல. புராஜெக்ட் பாக்க வர்றவங்க முன்னாடி புரோகிராம் நின்னு தொலைச்சா அசிங்கமாச்சேன்னு, 'இப்போதைக்கு ஜீரோ போட்டுக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்'னு எழுதுனேன். அப்புறம் பாக்கவே இல்ல. அல்லா மேல ஆணையா, அது நான் எழுதுனது பிரவீன்.

— இர்பானா, போதும்.

— பதினாறு வருஷம் உங்க மேல கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா பொய். அந்த டிவியோட அம்புட்டும் போச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல, வெக்கம். அதுக்கு நடுவுல, நல்லவேளை எம்பேரு வரலன்னு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நெனச்சு இன்னமும் வெக்கமா இருக்கு. பேரை எடுத்துக்கிட்டவரு பழியையும் சேத்து எடுத்துக்கிட்டாரேன்னு, அன்னைலேர்ந்து ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்குத் துவா செய்யுறேன்.

— செய்யாதீங்க.

— ஏன் செய்யக் கூடாது?

— நாப்பத்தோராம் பக்கத்துல இருக்குறது உங்க கையெழுத்துன்னு எனக்குத் தெரியும். நோட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. டிவிக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்துப் பாத்துட்டுத்தான் போனேன்.

— தெரிஞ்சுமா? தெரிஞ்சேதான் எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்களா? யா அல்லா, எப்பேர்ப்பட்ட மனசுங்க உங்களுக்கு!

— உங்களுக்காக இல்லைங்க. அந்த ஜீரோ என்னோடது இல்லன்னு சொல்லியிருந்தா, அப்ப மத்ததெல்லாம் யாரோடதுன்னு கேட்டுருப்பாங்க.