ஜன்னலோர மேஜை

— அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டுங்க அண்ணி.

— எத்தனை தடவைதான் பாப்பீங்க தம்பி? விமானம் ஏறினதுலருந்து இது நாலாவது.

— மேஜை, நாற்காலி, பின்னாடி ஜன்னல்... நல்லா விழுந்திருக்கு. வீட்டுக்குப் போனதும் பெரிசா பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போட்டு, பாப்பா படிக்கிற எடத்துக்கு மேல மாட்டிடணும்.

— பாக்கலாம்.

— என்ன பாக்கலாம்? கெளம்பும்போது உங்க பொண்ணு ஒண்ணே ஒண்ணுதானே கேட்டா? எங்கப்பா வேலை பாத்த எடத்தைப் படம் புடிச்சுட்டு வாங்க சித்தப்பான்னு.

— கேட்டா... எனக்கு அவர் தங்கியிருந்த ரூம்தான் கண்ணுக்குள்ளயே நிக்குது.

— அதுல என்ன இருக்கு? ரெண்டு அடுக்குக் கட்டில், ஒரு பீரோ, கூட இருந்த மீசைக்காரரு.

— மேல் கட்டில் உங்க அண்ணனோடது. ஏறிப் படுத்துப் பாத்தேன்.

— நீங்களா? ஓடுற படிக்கட்டுல கால் வெக்க பயந்து, பின்னாடி ஒரு ஊரையே நிக்க வெச்சவங்க!

— நீங்க குளிக்கப் போயிருந்தீங்க. படுத்தா தலைக்கு நேரா, கூரைல தண்ணி ஊறி ஒரு கறை. ‘என் தலைக்கு மேல ஒரு யானை நிக்குது’ன்னு ஃபோன்ல பாப்பாகிட்ட சொல்லுவாரே... சும்மா கதை விடறார்னு நெனச்சேன். நெசமாவே யானைதான் தம்பி. தும்பிக்கை மட்டும் கொஞ்சம் குட்டை.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, எறங்கத் தெரியல. மீசைக்காரரு வந்து முக்காலி போட்டாரு.

— நல்ல மனுஷன். அண்ணன் செருப்பை மூணு மாசமா வாசல்லயே விட்டு வெச்சிருந்தாரு. எடுத்தா ரூமே காலியான மாதிரி இருக்கும்னாரு.

— பதினாலு வருஷமா காதால கேட்ட ஊரு. பத்து நாள்ல பாத்து முடிச்சாச்சு. அவர் சொன்ன டீக்கடை, பாலத்துக்கடியில பூ விக்கிறவரு, எப்பவும் லேட்டா வர்ற பஸ்ஸு... எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கு.

— அண்ணன் மட்டும்தான்...

— ம்.

— தண்ணி குடிங்க அண்ணி.

— வேணாம். எறங்க இன்னும் எவ்ளோ நேரம்?

— அரை மணி. ஏன்?

— அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு பேசணும்.

— படத்தைப் பத்தியா? மாட்டற செலவு என்னோடது, விடுங்க. அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரில ஆபீஸர்னா சும்மாவா? பாப்பா தெனமும் அதைப் பாத்துப் பாத்து...

— அதுதான் வேணாங்கறேன். அவ அப்பான்னு நெனைக்கும்போது அந்த மேஜை அவ கண் முன்னாடி வரக் கூடாது.

— ஏன் அண்ணி?

— உங்க அண்ணன் நாற்காலில உக்காந்து வேலை பாத்ததே இல்ல. பதினாலு வருஷமும் நின்னுக்கிட்டுதான்.

— யார்... யார் சொன்னா?

— நேத்து நீங்க பெட்டி கட்டும்போது கடைக்குப் போறேன்னு போனேனே, கடைக்குப் போகல. ஆஸ்பத்திரிக்குக் கீழ, தரைக்கடியில லாண்டரி இருக்கு. அங்க போனேன். கடைசி மேஷின் அவரோடது. வர்ற பெட்ஷீட்டை எடுத்து மடிச்சு அடுக்கணும். அங்க சூடு தம்பி... என்னால அஞ்சு நிமிஷம் நிக்க முடியல.

— அண்ணி... என்னை மன்னிச்சுடுங்க.

— உங்களை எதுக்கு?

— எனக்குத் தெரியும். அவர் போனப்புறம் வந்த காகிதத்துல என்ன வேலைன்னு போட்டிருந்துச்சு. நீங்க தாங்க மாட்டீங்கன்னு மறைச்சுட்டேன். மீசைக்காரருக்கு ஃபோன் போட்டு, யார் மேஜையாவது ஒண்ணை அண்ணனோடதுன்னு காட்டுங்கன்னு கெஞ்சினேன்.

— அதுக்கு அவர் என்ன சொன்னாரு?

— சிரிச்சாரு. நான் அழுதுட்டுப் பேசறேன், அந்தாளு சிரிக்கிறாரு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

— சிரிக்காம என்ன பண்ணுவாரு பாவம்.

— அப்போ பாப்பாகிட்ட...?

— நேத்து லாண்டரில எடுத்த படத்தைக் காட்டப் போறேன். அங்கதான் உங்கப்பா நின்னாருன்னு சொல்லுவேன். கேக்கட்டும், அழட்டும். அவ அழறப்ப நான் பக்கத்துல இருப்பேன்ல.

— சரி... அப்போ இந்த மேஜைப் படம் எதுக்கு அண்ணி? அன்னிக்கு அவ்ளோ ஆசையா எடுக்கச் சொன்னீங்களே?

— அது உங்களுக்காக எடுத்தது தம்பி. மொத லீவுல வந்தப்பவே அவர் எங்கிட்ட சொல்லிட்டாரு. ‘தம்பிக்குத் தெரிஞ்சா காலேஜை விட்டுட்டு என் பக்கத்துல வந்து நிப்பான், அவனுக்கு மட்டும் தெரிய வேணாம்’னு. நீங்க ஃபோன் போட்டதை மீசைக்காரரே எங்கிட்ட சொன்னாரு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நான் அவருக்குப் போட்டு, அந்த மேஜையைக் கேட்டுட்டேன்.